அன்சிலரி கிளாஸ்தானே

2024 ஜூலையில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் பணம். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"அம்மா, மைனர் எடுக்கட்டுமா வேண்டாமா? நாளைக்குள்ள பேர் கொடுக்கணும்."

அவள் சிவில் இன்ஜினியரிங், மூன்றாம் வருஷத்தில் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்தாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஒரு வசதி உண்டு. வழக்கமான பாடங்களோடு கூடுதலாக 18 கிரெடிட், அதாவது ஆறு பாடம், படித்து முடித்தால், பட்டத்தோடு இன்னொரு துறையின் பெயரும் மைனர் என்று சேரும். ஃபின்டெக், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ், சுற்றுச்சூழல் என்று ஐந்து துறைகள். அவள் கல்லூரியில் ஆள் சேராது என்று டேட்டாவையும் சுற்றுச்சூழலையும் மட்டும்தான் திறந்திருந்தார்கள்.

"எல்லாரும் டேட்டாதாம்மா எடுக்கறாங்க" என்றாள்.

காலையில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை. 25 வருஷமாக எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பது என் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த துணைப்பாடம்தான். அதை நானாகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் காலத்தில் அதற்கு அன்சிலரி என்று பெயர். அப்புறம் அல்லைடு ஆனது. வடக்கே இப்போது மைனர் என்கிறார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட கட்டமைப்பில் 3 வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதில் 24 மைனருக்கு. பெயர் எதுவானாலும் மாணவர்கள் அதை நடத்தும் விதம் மட்டும் மாறவே இல்லை.

நான் 1996-ல் மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். 'ஏ' செக்‌ஷனுக்கு அன்சிலரி இயற்பியல், 'பி' செக்‌ஷனுக்குப் புள்ளியியல். அப்பாவுக்கு இயற்பியல்தான் வேண்டும். பி.எட். முடித்து வாத்தியார் ஆனால் இரண்டு பாடமும் எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. அட்மிஷன் அன்று நாங்கள் வந்த பஸ் சின்னாளப்பட்டி தாண்டி பஞ்சராகி நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 'ஏ' செக்‌ஷன் நிரம்பியிருந்தது. இவ்வளவுதான் என் தேர்வு.

முதல் செமஸ்டரில் புள்ளியியலில் எனக்கு 43 மார்க். பாஸ் மார்க் 40. அந்த வகுப்பு எங்களுக்கு ஓய்வு நேரம். மேஜர் டெஸ்டுக்குப் படிப்பது, ரெக்கார்டு எழுதுவது, கடைசி பெஞ்சில் முறுக்கு தின்பது எல்லாம் அங்கேதான். கேட்டால் "அன்சிலரி கிளாஸ்தானே" என்போம். பாடம் எடுக்க வேறு துறையிலிருந்து வந்த மிஸ்ஸுக்கு அது தெரியும். அவர் திட்டமாட்டார். ஒருநாள் கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல் மகாலனோபிஸ் கதையைச் சொன்னார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர். 1915-ல் ஊருக்குத் திரும்ப வேண்டிய கப்பல் போரினால் தாமதமாக, காத்திருந்த நாட்களில் நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டிருக்கிறது. அதுவரை வந்த தொகுதிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்துகொண்டே, அதே துறையின் ஓர் அறையில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். "அவருக்கும் இது அன்சிலரிதான்" என்று சொல்லிவிட்டு மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கத் தொடங்கினார்.

அதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் முறுக்கு தின்பதை நிறுத்தினேன். நான்காம் செமஸ்டரில் 71 வாங்கினேன்.

1999-ல் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு லேபுக்கு ஆள் எடுத்தார்கள். என்னோடு நேர்முகத்துக்கு ஏழெட்டுப் பேர். ஸ்பின்னிங் மாஸ்டர் ஒரு தாளைத் தள்ளினார். "சராசரி 40, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.6. சிவி எவ்வளவு?" சிவி என்பது மாறுபாட்டுக் கெழு. டீவியேஷனைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டியதுதான். ஒன்றரை சதவீதம் என்றேன். "அது நல்ல நூலா, மோசமான நூலா?" தெரியாது சார் என்றேன். "சரி, அதை நான் சொல்லித் தர்றேன்" என்றார். மூன்று வருஷம் நான் உயிரைக் கொடுத்துப் படித்த ரியல் அனாலிசிஸ் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லேபில் வேலை சலிப்பானது. நூல் நூற்கும் எந்திரமான ரிங் ஃப்ரேமிலிருந்து இறங்கும் காப்களில், அதாவது நூல் சுற்றிய குழல்களில், ஐந்தை ஒரு ஷிப்டுக்கு எடுப்போம். ஒவ்வொன்றிலிருந்தும் 120 கெஜம் சுற்றி எடை போடுவோம். 64.8-ஐ அந்த கிராம் எடையால் வகுத்தால் நூலின் நம்பர் வரும். நம்பர் கூடினால் நூல் மெலிசு. 40-ம் நம்பர் நூல் என்றால் எடை 1.62 கிராம் இருக்க வேண்டும். ஐந்தின் சராசரியை ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

சேர்ந்து ஆறு மாசம் இருக்கும். திருப்பூர்ப் பார்ட்டி ஒருவரிடமிருந்து புகார் வந்தது. பனியன் துணியில் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது, சாயம் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது என்று ஒரு தான் துணியையே திருப்பி அனுப்பிவிட்டார். பட்டை விழுந்தால் வெவ்வேறு பருமனில் நூல் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எங்கள் ரிஜிஸ்டரிலோ ஒரு மாசமாக 40.0, 40.2, 39.9 என்றே இருந்தது. லேபில் ஒழுங்காக அளக்கவில்லை என்று பேச்சு என் பக்கம் திரும்பியது.

அன்று ராத்திரி ட்ரங்குப் பெட்டியிலிருந்து அன்சிலரி நோட்டைத் தோண்டி எடுத்தேன். கண்ட்ரோல் சார்ட் வரைவது எப்படி என்று அதில் இருந்தது. ஐந்தைந்தாகச் சாம்பிள் எடுத்தால், ஒவ்வொரு ஐந்திலும் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்தான் வீச்சு. அந்த வீச்சின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் கோடு போட வேண்டும். கோட்டைத் தாண்டிய புள்ளி எதுவோ அங்கே கோளாறு. 25 நாள் ரிஜிஸ்டரை வைத்துக் கிராஃப் தாளில் அழகாக வரைந்தேன். ஒரு புள்ளிகூடத் தாண்டவில்லை. எனக்குப் பெருமை. மறுநாள் ஆலைக்குள் எல்லாரிடமும் காட்டினேன்.

ரிங் ஃப்ரேம் ஃபிட்டர் அண்ணன் ஒருவர், எட்டாவது வரை படித்தவர், தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இந்த அஞ்சு காப்பும் ஒரே ஃப்ரேம்ல எடுத்ததா?"

இல்லை. கைக்குக் கிடைத்த ஃப்ரேம்களில் ஒன்றொன்றாக எடுத்தது. ஃப்ரேம் நம்பரை யாரும் எழுதுவதே இல்லை. 12 ஃப்ரேமில் ஒன்று மட்டும் 41-ம் நம்பர் நூலை ஓட்டிக்கொண்டிருந்தாலும், ஐந்தில் ஒரு காப்தான் அங்கிருந்து வரும். மற்ற நான்கும் 40 என்றால் சராசரி 40.2. கோடுகளுக்கு நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

ஒரே இடத்தில் எடுத்ததைத்தான் ஒரு குழுவாக வைக்க வேண்டும். இதற்கு ரேஷனல் சப்குரூப் என்று பாடத்திலேயே பெயர் இருந்தது. என் நோட்டில் இரண்டு வரி. 2 மார்க் கேள்வியாகத்தான் வரும் என்று தாண்டிப் போன இரண்டு வரி.

அடுத்த இரண்டு நாள் அந்த அண்ணனும் நானும் ஃப்ரேமுக்கு ஐந்து வீதம் 60 காப் எடுத்து, சுற்றி, எடை போட்டோம். வீச்சின் சராசரி 1.2 வந்தது. கோடுகள் 39.4-லும் 40.8-லும் விழுந்தன. ஏழாம் நம்பர் ஃப்ரேமின் சராசரி 41.0. எடையில் பார்த்தால் 1.62-க்குப் பதில் 1.58 கிராம். நாலு சென்டிகிராம்தான் வித்தியாசம். அண்ணன் மூடியைக் கழற்றி, நூலின் நம்பரைத் தீர்மானிக்கும் பல்சக்கரமான பினியனின் பற்களை விரலால் எண்ணினார். 40 பல் இருக்க வேண்டிய இடத்தில் 39. சில மாதம் முன்பு அந்த ஃப்ரேமில் வேறு நம்பர் ஓட்டிவிட்டு மறுபடி 40-க்கு மாற்றியபோது, கைக்குக் கிடைத்த பினியனை யாரோ மாட்டியிருக்கிறார்கள். ஒரு பல் குறைந்தால், பஞ்சை இழுத்து நீட்டும் இழுவை அந்த அளவுக்குக் கூடும், நூல் மெலியும். 40-ஐ 40-ஆல் பெருக்கி 39-ஆல் வகுத்துப் பாருங்கள், 41.03 வரும். அன்றைக்குத்தான் ஒரு எண் இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று பார்த்தேன்.

இந்தக் கதையில் புள்ளியியல் ஜெயித்தது என்று சொல்ல முடியாது. சார்ட்டை முதலில் தப்பாக வரைந்தது அதே புள்ளியியல் படித்த நான்தான். ஆனால் கணக்கு மட்டும் படித்தவளாக இருந்திருந்தால் அந்த அண்ணன் கேள்வியை அவமானமாக எடுத்திருப்பேன். கணக்கில் எண் கொடுக்கப்பட்டிருக்கும், 'எக்ஸ் என்பது 40 எனில்' என்றுதான் தொடங்கும். அந்த 40-ஐ யார், எங்கிருந்து, எப்போது எடுத்து வந்தார்கள் என்று கேட்டால் மார்க் கிடையாது. புள்ளியியலில் அதைக் கேட்காவிட்டால்தான் மார்க் கிடையாது. மேஜர் ஒருபோதும் கேட்காத கேள்வியைக் கேட்கப் பழக்குகிற பாடம் எதுவோ, அதைத்தான் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைப்பது அந்த 39 பல்லிலிருந்து வந்தது.

சரி, இதே தர்க்கத்தில் பார்த்தால் 'ஏ' செக்‌ஷன்காரர்கள் ஏமாந்தார்களா? இல்லை. என் தோழி ஒருத்தி இயற்பியல் அன்சிலரி. இப்போது மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பில் வெக்டர் நடத்தும்போது கதவைத் தள்ளிக் காட்டுவாளாம். கீல் பக்கம் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் விரலுக்கே நகரும். "கிராஸ் ப்ராடக்ட்டைக் கையால தொட்டுப் பாருங்கடா" என்பாளாம். அவள் சம்பளத்தில் இயற்பியலுக்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாக வரவில்லை. அவளிடம் படித்த பிள்ளைகளுக்கு வந்திருக்கும்.

இந்தத் துணைப்பாட விஷயத்தில் ஏமாந்தது என் சித்தி மகன். இதை எழுத நினைத்ததற்கு அவன் ஒரு முக்கியமான காரணம். அவனும் கணிதம், புள்ளியியல் அல்லைடு. மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகளை எடுக்கும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு எழுதினான். அதில் புள்ளியியலுக்கென்றே இரண்டு பதவிகள் உண்டு. ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பதவிக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் போதும், அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 60 சதவீதம். ஸ்டாட்டிஸ்டிகல் இன்வெஸ்டிகேட்டர் இரண்டாம் நிலைக்கு அப்படி இல்லை. மூன்று வருஷமும், அதாவது ஆறு செமஸ்டரிலும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும். அவன் கல்லூரியில் அல்லைடு இரண்டே செமஸ்டர். படிக்கும்போது இந்த வரியை யாராவது காட்டியிருந்தால் எலெக்டிவ் என்ற விருப்பப்பாடத்திலாவது புள்ளியியலைச் சேர்த்து ஓட்டியிருக்க வழி உண்டா என்று கேட்டிருப்பான். கேட்கத் தெரியவில்லை.

யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். கணிதம் மட்டும் படித்த பி.எஸ்சி.க்கு வாசல் திறக்காது. அன்சிலரி வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம் என்பதே எங்கள் வகுப்பில் 50 பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே துணைப்பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: நீங்கள் போக நினைக்கும் இரண்டு மூன்று வேலைகளின் அறிவிப்பையும், மேற்படிப்பின் தகுதி வரியையும் இறக்கி, 'ஒரு பாடமாக' என்று போட்டிருக்கிறதா, 'எல்லா ஆண்டுகளிலும்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்தின் பெயர் தெளிவாக வருகிறதா என்பதையும் பாருங்கள். 'அல்லைடு தாள் 2' என்று மட்டும் அச்சாகியிருந்தால், பாடத்திட்ட நகலில் கல்லூரி முத்திரை வாங்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த முத்திரைக்கு அலைவது பெரும்பாடு.

பாடத்தின் பெயரை நம்பாதீர்கள் என்பதை அடுத்துச் சொல்வேன். போன வருஷக் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், அது மனப்பாடப் பாடமா, கை வேலை உள்ள பாடமா என்று. எடுக்கப் போகும் ஆசிரியர் யார் என்று சீனியர்களிடம் கேட்பதில் வெட்கமே வேண்டாம். சுமாரான பாடத்தை நல்ல ஆசிரியர் நடத்தினால் அதை எடுக்கலாம். தலைகீழாக இருந்தால் எனக்குத் தயக்கம்தான்.

சுமை பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 18 கிரெடிட் என்பது 3 கிரெடிட் வீதம் ஆறு பாடம். ஆறு பாடத்துக்கும் இன்டர்னல், அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் உண்டு. மேஜரில் அரியர் வைத்துக்கொண்டு இதில் இறங்குவது கடனை வாங்கிக் கல்யாணம் செய்வது மாதிரி. மகளோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் ஒரே செமஸ்டரில் விட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கல்லூரியில் மைனர் வசதி இல்லாதவர்கள், மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் தயாரிக்கும் என்பிடெல் பாடம் ஒன்றைப் பதிவு செய்து 12 வாரம் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குக் காசு கிடையாது, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும். முதலில் அதில் ஒன்றைத் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது.

நேர்முகத்தில் 'மைனர் முடித்திருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் யாரும் நிமிர்ந்து உட்காரமாட்டார்கள். கடந்த சில வருஷங்களாக ஆலையில் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பது நான். இரண்டு பாடமும் ஒட்டும் இடத்தில் ஒரே ஒரு வேலையாவது செய்திருக்கிறாயா என்றுதான் கேட்பேன். ஒரு பையன் டெக்ஸ்டைல் படித்தவன், தன் ஊர் விசைத்தறிக் கூடத்தில் எந்த நேரத்தில் நூல் அதிகம் அறுகிறது என்று ஒரு மாசம் நோட்டில் குறித்து வைத்திருந்தான். சுமாரான ஆங்கிலம், பென்சில் கிராஃப். அவனை எடுத்துக்கொண்டோம்.

காலையில் மகளைக் கூப்பிட்டேன். பஸ் பஞ்சர் கதையிலிருந்து பினியன் வரைக்கும் சொன்னேன். "இதெல்லாம் நீ பதினஞ்சு தடவை சொல்லிட்டேம்மா" என்றாள். சொல்லியிருப்பேன்.

"யாரோட டேட்டா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"டேட்டா அனலிட்டிக்ஸ்னா யாரோட டேட்டாவை அனலைஸ் பண்ணப் போற?"

பாடத்திட்டத்தை எடுத்து வாசித்தாள். புள்ளியியல் இருந்தது, சப்ளை செயின் இருந்தது. மனிதவளமும் மார்க்கெட்டிங்கும் நிதியும் இருந்தன. சிமெண்ட்டும் கம்பியும் எங்கேயும் இல்லை. சுற்றுச்சூழல் எடுத்தால் சிவிலுக்கு ஒட்டும், ஆனால் பாதி விஷயம் மேஜரிலேயே தொட்டுவிட்டோம் என்றாள். எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. மிகவும் ஒட்டினால் புதிதாக ஒன்றும் வராது, ஒட்டவே இல்லையென்றால் 18 கிரெடிட்டும் தனியாகத் தொங்கும். முடிவை அவளிடமே விட்டேன். டேட்டாவே எடுத்தாள். எல்லாரும் எடுப்பதால் எடுக்கிறாளோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது, வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் மே மாதம் ஒரு கட்டட சைட்டில் இன்டர்ன்ஷிப் போனாள். கான்கிரீட் போடும்போது கொஞ்சம் எடுத்துக் கன சதுரமாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு சாம்பிளுக்கு மூன்று க்யூப். மூன்றின் சராசரிதான் ரிசல்ட். எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது. இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் ரிசல்ட் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மூன்று எண்ணும் அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று ஒட்டி இருந்தன. நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் போட்டேன். உடனே போன் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா, அதான் சந்தேகம். அன்னைக்கு ஒன்பது லாரி கான்கிரீட் வந்துச்சு. எந்த லாரில எடுத்தீங்கன்னு கேட்டேன். சைட் இன்ஜினியர் ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார், லாரி நம்பரே எழுதலை."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. நாளையிலேர்ந்து நானே ரிஜிஸ்டர்ல லாரி நம்பருக்குன்னு தனிக் கட்டம் போட்டு எழுதறேன்னு சொல்லிட்டேன். ஸ்கேல் இல்ல, கோடு கோணலா இருக்கு."